நாட்களை எண்ணுவது பற்றி ஒரு பழைய டீச்சரின் பதில்



போன மாதம் நம் 1996ஆம் வருட ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் குழுவில் ஒரு கேள்வி வந்தது. நம்மில் ஒருவன் திடீரென்று போய்விட்ட செய்தி வந்த அன்று இரவு. முப்பத்தொன்பது வயது. பெயரை இங்கே எழுதவில்லை, உங்களுக்குத் தெரியும். "டீச்சர், நீங்க பைபிள் படிக்கிறவங்க. இவனுக்கு மட்டும் ஆண்டவர் ஏன் இவ்வளவு கொஞ்ச நாள் கொடுத்தார்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். நான் பதில் போடவில்லை. கைகூப்பும் படம் ஒன்று போட்டுவிட்டு போனை வைத்துவிட்டேன். நாற்பது பிள்ளைகள் பார்க்கும் இடத்தில் டீச்சர் பதில் தெரியாமல் நழுவியது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

இப்போது எழுதுவதும் அந்தக் கேள்விக்கு நேரான பதில் இல்லை. எனக்குத் தெரிந்த சரித்திரத்தைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளம்தான். டீ போட்டுக்கொண்டு உட்கார்ந்து படியுங்கள்.

எங்கள் வழக்கத்தில் ஒருவரை அடக்கம் செய்யும்போது சங்கீதம் 90 வாசிப்பார்கள். சங்கீதப் புத்தகத்தில் உள்ள 150 பாடல்களில் மோசேயின் பெயரைத் தாங்கியிருப்பது இது ஒன்றுதான். மனிதன் காலையில் முளைத்து மாலையில் வாடும் புல் போன்றவன் என்பது அதன் சாரம். ஆயுள் எழுபது வருடம், உடம்பில் தெம்பு இருந்தால் எண்பது என்று கணக்கும் சொல்லும். அதற்குப் பிறகு ஒரு வேண்டுதல் வரும். நாட்களைக் கூட்டித் தா என்று அது கேட்பதில்லை. இருக்கிற நாட்களை எண்ணக் கற்றுக்கொடு, அதனால் எங்கள் உள்ளத்துக்கு ஞானம் வரட்டும் என்று கேட்கிறது.

நாட்களை எண்ணுவது வாத்தியார் வேலை. முப்பத்து நாலு வருடம் வருகைப் பதிவேட்டில் கோடு போட்டவள் நான். மாதக் கடைசியில் வேலை நாட்கள் இத்தனை, வந்த நாட்கள் இத்தனை என்று கூட்டிப் போடுவோம். அப்போது வருடத்துக்கு 220 நாள் கணக்கு வரவேண்டியிருந்தது. மழைக்கு விடுமுறை விட்டால் சனிக்கிழமை வைத்து ஈடுகட்டுவோம். ஆனால் 220 நாளும் வந்த பிள்ளைதான் நன்றாகப் படித்த பிள்ளை என்று எந்த டீச்சரும் சொல்லமாட்டாள். எண்ணிக்கை வேறு, அந்த நாளில் நடந்தது வேறு. சங்கீதம் கேட்கிற எண்ணிக்கையும் இப்படிப்பட்டதுதான் என்பது, இரண்டு பேருடைய வாழ்க்கையை அருகருகே வைத்துப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. இருவரும் ஜெர்மனியில் பிறந்து, தமிழ் மண்ணில் வாழ்ந்து, இங்கேயே இறந்தவர்கள். ஒருவருக்கு ஆயுள் 36 வருடம். மற்றவருக்கு 80.

முதலாமவர் பர்த்தலோமேயு சீகன்பால்கு. 1682இல் ஜெர்மனியின் புல்ஸ்னிட்ஸ் என்ற சிற்றூரில் பிறந்தவர். சிறு வயதிலேயே தாயையும் தகப்பனையும் இழந்தவர். உடம்பும் எப்போதும் சொன்னபடி கேட்காது, அடிக்கடி படுத்துவிடும். ஹால்லே நகரில் படித்தவரை டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக் தரங்கம்பாடிக்கு அனுப்பினார். தோழர் புளுட்சோவுடன் 1706 ஜூலை 9 அன்று கரை இறங்கினார். மறுநாள் அவருக்கு 24 வயது முடிந்தது.

இறங்கியவருக்குத் தமிழ் தெரியாது. அவர் செய்ததைக் கேளுங்கள். உள்ளூர் வாத்தியார் ஒருவரைத் தன் பள்ளிக்கூடத்தோடு தாம் தங்கிய இடத்துக்கே வரச் செய்து, சின்னப் பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதினார். படித்த மனிதர், அரசர் அனுப்பிய மனிதர், ஐந்து வயதுக் குழந்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறார். ஒன்றாம் வகுப்பு எடுத்தவள் என்பதால் சொல்கிறேன், பெரியவர்களுக்கு இது எளிதில் வராது. எனக்குத் தெரியாது என்று ஒப்புக்கொண்டுதான் முதலில் உட்கார வேண்டும். வேதத்தில் யாக்கோபு எழுதிய நிருபம் ஞானத்துக்கு வழி சொல்லும்போது இதைத்தான் சொல்கிறது: குறைவுள்ளவன் கேட்கட்டும். அதே நிருபம்தான் மனித உயிரைக் கொஞ்ச நேரம் தோன்றி மறையும் புகைக்கு ஒப்பிடுகிறது. கேட்பதும் புகையும் ஒரே கடிதத்தில் இருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

சீகன்பால்கு ஊருக்குக் கற்பிக்க வந்தவர். வந்த இரண்டே வருடத்தில் ஊரிடம் கற்றுக்கொண்டிருந்தார். இந்த மக்களிடம் ஒழுங்கான மொழியும் கல்வியும் இருக்காது என்று நினைத்துத்தான் வந்தேன், அவர்கள் நூல்களைப் படித்தபின் அந்த எண்ணம் மாறிவிட்டது என்று அவரே ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறார். ஓலைச்சுவடிகளைத் தேடிச் சேர்த்துப் பட்டியல் போட்டார். 1708இல் கொன்றை வேந்தனையும் உலக நீதியையும் நீதி வெண்பாவையும் ஜெர்மன் மொழியில் ஆக்கினார். நாம் வகுப்பில் கோரஸாகச் சொன்ன அதே கொன்றை வேந்தன்தான் பிள்ளைகளே! தம் வேதத்தில் ஞானம் இருக்கிறது என்று நம்பி வந்தவருக்கு ஔவையிடமும் அறிவு இருப்பது கண்ணில் பட்டது, அதை மறைக்காமல் தம் ஊருக்கு எழுதினார். அவர் நம்பிக்கை மாறவில்லை. பார்வை விரிந்தது. நம் தெய்வங்களைப் பற்றி அவர் 1713இல் எழுதி முடித்த பெரிய நூல் ஐரோப்பாவில் அச்சேறவில்லை. இப்படிப்பட்டதை எல்லாம் பரப்பவா உங்களை அனுப்பினோம் என்ற மனநிலை அங்கே இருந்தது. ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 1867இல்தான் நம் சென்னையில் அச்சானது.

தரங்கம்பாடி டேனியக் கம்பெனியின் கோட்டை. அங்கிருந்த தளபதிக்கும் இவருக்கும் ஒத்துப்போகவில்லை. 1708 இறுதியில் இவரைப் பிடித்து நான்கு மாதம் சிறையில் வைத்தார்கள். அதற்குச் சற்று முன்புதான், அக்டோபரில், புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்க்க ஆரம்பித்திருந்தார். வெளியே வந்து தொடர்ந்து, 1711 மார்ச்சில் முடித்தார். பிறகு ஹால்லேயிலிருந்து தமிழ் எழுத்து அச்சுகள் கப்பலில் வந்தன. அவை பெரிதாக இருந்து காகிதத்தை விழுங்கியதால் இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். காகிதம் போதவில்லை என்று பொறையாறில் காகித ஆலை வைத்தார்கள். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு முழுமையாக அச்சில் வந்தது. இதற்கு நடுவே ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருந்தது.

1718 அக்டோபர் 11 அன்று தரங்கம்பாடியில் புதிய எருசலேம் ஆலயம் பிரதிஷ்டை ஆனது. அந்தச் சமயத்தில் கோபன்ஹேகனிலிருந்த மேலிடத்துக் கடிதங்கள் கடுமையாக வந்துகொண்டிருந்தன. கட்டடம் எதற்கு, பள்ளிக்கூடம் எதற்கு என்ற தொனி. உடம்பு ஏற்கெனவே நொந்திருந்தது. 1719 பிப்ரவரி 23 அன்று இறந்தார். நான்கு மாதம் முன்பு தாமே திறந்த ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள்.

ஐரோப்பா போய்வந்த காலத்தைக் கழித்தால் அவர் தமிழ்நாட்டில் இருந்தது ஏறத்தாழ பதினோரு வருடம்தான். பழைய ஏற்பாட்டில் ரூத் புத்தகம் வரைதான் அவரால் பெயர்க்க முடிந்தது. அதாவது சங்கீதம் 90 வரை அவர் வந்து சேரவே இல்லை. நாட்களை எண்ணக் கேட்கும் அந்த வேண்டுதலை அவர் தமிழில் எழுதுமுன் அவருடைய நாட்கள் முடிந்துவிட்டன. விட்ட இடத்திலிருந்து பெஞ்சமின் சூல்ச் என்பவர் எடுத்து 1728இல் வேதாகமம் முழுவதையும் முடித்தார். அவர்தான் பிறகு சென்னையில் பணியைத் தொடங்கியவர்.

இப்போது இரண்டாமவர். யோவான் பிலிப் பெப்ரிசியுஸ். 1711 ஜனவரி 22 அன்று ஜெர்மனியில் பிறந்தவர். சட்டம் படித்துவிட்டு இறையியலுக்கு மாறி, 1740இல் தரங்கம்பாடிக்கு வந்து, இரண்டு வருடத்தில் சென்னை வந்து சேர்ந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதன்பின் வாழ்நாள் முழுவதும் சென்னைவாசி. புரசைவாக்கம் பக்கம் உள்ளவர்களுக்கு அவர் பெயரில் உள்ள மேல்நிலைப் பள்ளி தெரிந்திருக்கும்.

அவருக்கு அமைதியான நாட்கள் கிடைத்தன என்று நினைக்காதீர்கள். 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். அவர் பழவேற்காட்டுக்குப் போனார். 1749இல் ஊர் ஆங்கிலேயர் கைக்குத் திரும்பியதும் வேப்பேரியில் குடியேறினார். 1758 டிசம்பரில் லாலியின் படை முற்றுகை போட்டபோது வேப்பேரி கொள்ளை போனது. மறுபடி பழவேற்காடு, மறுபடி திரும்பி வருதல். 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது அங்கிருந்து ஓர் அச்சு இயந்திரத்தை எடுத்துவந்தார்கள். அதை இயக்கத் தெரிந்த ஆள் இவரிடம்தான் இருப்பார்கள் என்று, அரசாங்க வேலை வந்தால் செய்து தரவேண்டும் என்ற நிபந்தனையோடு வேப்பேரிக்குக் கொடுத்தார்கள். போர் கொண்டுவந்த இயந்திரத்தில் வேதமும் பாடலும் அச்சாயின. சென்னையின் அச்சுத் தொழிலுக்கு அதுவே தொடக்கம்.

வேதாகமத்தை மீண்டும் முதலிலிருந்து பெயர்த்தவர் இவர். முன்னவர்கள் செய்தது சரியாகப் புரியவில்லை என்று படித்தவர்கள் சொன்னதைக் காதில் வாங்கிக்கொண்டார். ஒரு பகுதியை எழுதியதும், படித்தவர், படிக்காதவர் இரு சாராருக்கும் வாசித்துக் காட்டி, புரிகிறதா, காதுக்கு நன்றாக இருக்கிறதா என்று கேட்டுத் திருத்துவார். புதிய ஏற்பாடு 1772இல் வந்தது. பாட்டுப் புத்தகம் 1774இல். பழைய ஏற்பாடு 1777 முதல் பகுதி பகுதியாக வந்தது. நடுவில் 1779இல் ஏறத்தாழ 9,000 சொற்கள் கொண்ட தமிழ் ஆங்கில அகராதியையும் அச்சிட்டார். அது திருத்தப்பட்டு, விரிக்கப்பட்டு, இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. 1871இல் ஐக்கிய மொழிபெயர்ப்பு வந்தபிறகும் தமிழ் லுத்தரன் சபையார் நெடுங்காலம் பெப்ரிசியுஸ் ஐயரின் வேதத்தை விடவில்லை.

சங்கீதம் 90ஐப் பொறுமையாகத் தமிழாக்கும் நேரம் இவருக்குக் கிடைத்தது. எழுபது அல்லது எண்பது என்ற அந்தக் கணக்கை எழுதிய கை இவருடையது. அவரே எவ்வளவு வாழ்ந்தார் தெரியுமா? 1791 ஜனவரி 23 அன்று இறந்தார். எண்பது வயது முடிந்த மறுநாள்.

இதைச் சொன்னதும் ஆகா, நீண்ட ஆயுள், நிறைந்த வாழ்வு என்று தோன்றும். நான் சண்டே ஸ்கூலில் சொன்னபோது அதோடு நிறுத்திக்கொள்வேன். மீதியையும் சொல்லவேண்டியது நியாயம். பணக் கணக்கு அவருக்கு வரவில்லை. நம்பிக்கையானவர் என்று பலர் அவரிடம் பணத்தைக் கொடுத்து வைத்தார்கள். அவர் அதை வட்டிக்கு விட்டார். வாங்கியவர்கள் ஏமாற்றினார்கள். கொடுத்தவர்கள் நெருக்கினார்கள். முதிர்ந்த வயதில் கடனுக்காகச் சிறைக்குப் போனார். 1788இல் கெரிக்கே என்பவர் வந்து பொறுப்பை எடுத்துக்கொண்டார். கடைசி மூன்று வருடம் அந்தப் பெரியவர் எந்த மனத்தோடு இருந்திருப்பார் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. பணத்தை இழந்த ஏழைகளும் இருந்திருப்பார்கள். அவர்கள் பக்கத்தையும் நினைக்க வேண்டும்.

இளமையில் சிறைக்குப் போனவர் ஒருவர், முதுமையில் போனவர் ஒருவர். முன்னவருக்கு ஏறத்தாழ 13,400 நாள். பின்னவருக்கு ஏறத்தாழ 29,200 நாள். இரண்டு மடங்குக்கு மேல். ஆனால் இன்று ஞாயிற்றுக்கிழமை தமிழில் வேதம் வாசிக்கிற ஒவ்வொரு சபையிலும் இருவரின் உழைப்பும் கலந்திருக்கிறது. யார் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. முடிக்காமல் போனவர் ஆரம்பிக்கவில்லை என்றால் நிதானமாக முடித்தவருக்குத் திருத்துவதற்கு எதுவும் இருந்திருக்காது.

இன்னொருவரையும் சொல்லவேண்டும், நம் பேட்டைக்குப் பக்கம் என்பதால். ராயப்பேட்டையில் கோயில் கிணற்றருகே 1818இல் தமிழ்க் கல்வெட்டு வைத்த எல்லிஸ் துரை. சென்னையில் கலெக்டராக இருந்தவர், திருக்குறளுக்கு ஆங்கிலத்தில் உரை எழுதியவர். நாற்பது வயது ஆகும்வரை பெரிதாக எதையும் வெளியிடுவதில்லை, முதிர்ந்த பிறகுதான் என்று வைத்திருந்தாராம். நாற்பதைத் தாண்டினார். 1819இல் ராமநாதபுரத்தில் திடீரென்று இறந்துபோனார். அவர் எழுதிச் சேர்த்த காகிதங்களில் பெரும்பகுதி சமையல் அடுப்பு பற்றவைக்கப் போனது என்று பின்னால் வந்த அறிஞர் ஒருவர் எழுதிவைத்தார். கவனமான மனிதர்தான். இருக்கும் என்று நம்பிய நாட்கள் இல்லாமல் போயின. அவர் உரை எழுதிய திருக்குறளில் நிலையாமை என்று ஓர் அதிகாரமே உண்டு, நல்ல செயலைக் கடைசி நேரம் வருமுன் முந்திச் செய் என்று சொல்கிற குறளும் அதில் உண்டு. சங்கீதமும் குறளும் இந்த இடத்தில் ஒரே திசையைத்தான் காட்டுகின்றன.

சரி, இவ்வளவும் எதற்குச் சொன்னேன்?

போன நம் பிள்ளை ஒரு சின்ன ஆஃப்செட் பிரஸ் வைத்திருந்தான். கல்யாணப் பத்திரிகை, பில் புக், காதுகுத்து அழைப்பிதழ். மூன்று முறை என்னை அழைத்தான். "டீச்சர், ஒரு நாள் வாங்க, மிஷினைக் காட்டுறேன். உங்களுக்கு அச்சுக் கதையெல்லாம் பிடிக்குமே" என்றான். முதல் முறை, கத்திரி வெயில் போகட்டும்டா கண்ணா என்றேன். இரண்டாவது முறை, மழை விடட்டும் என்றேன். மூன்றாவது முறை முட்டிவலி. ஆழ்வார்பேட்டையிலிருந்து ஆட்டோவில் பதினைந்து நிமிஷ தூரம்.

அவன் போன பத்தாம் நாள்தான் போனேன். அவன் மனைவி மிஷினைக் காட்டினாள். மூலையில் கட்டுக்கட்டாகச் சின்ன நோட்டுகள் இருந்தன. பத்திரிகை வெட்டியதில் மிஞ்சும் துண்டுக் காகிதங்களைச் சேர்த்து, பின் அடித்து, ஜூன் மாதம் பக்கத்துப் பள்ளிக்கூடத்துச் சின்னப் பிள்ளைகளுக்கு ரஃப் நோட்டாகக் கொடுப்பானாம். எட்டு வருடமாக. எங்கள் யாருக்கும் சொல்லவில்லை. "காகிதத்தை வீணாக்கக் கூடாதுன்னு டீச்சர் சொல்வாங்கன்னு சொல்லுவார்" என்றாள். அந்த வார்த்தையை நான் எப்போது சொன்னேன் என்று எனக்கு ஞாபகமே இல்லை. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

இவனுக்கு ஏன் கொஞ்ச நாள் என்ற கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது. சங்கீதம் 90ம் அதற்குக் காரணம் சொல்வதில்லை. அது முடியும் விதத்தை மட்டும் கவனியுங்கள். எங்கள் கைகள் செய்கிற வேலையை நிலைக்கச் செய் என்று கேட்டு முடிகிறது. பழைய எபிரேய மொழியில் ஞானத்துக்கு உள்ள சொல்லைக் கைத்தொழில் திறமைக்கும் சொல்வார்கள். ஆசாரிப்புக் கூடாரம் செய்த பெசலெயேல் என்ற கைவினைஞனை ஞானத்தால் நிரப்பினார் என்றுதான் யாத்திராகமம் சொல்லும். சாலொமோன் ஞானம் கேட்டபோதும், நீ நீண்ட ஆயுளைக் கேட்கவில்லை என்பதற்காகவே ஆண்டவர் மகிழ்ந்தார் என்று எழுதியிருக்கிறது. ஆகவே தேவ ஞானம் என்பது வானத்தை அண்ணாந்து பார்ப்பது மட்டும் இல்லை. மணலில் எழுத்துப் பழகுவதும், எழுதியதைப் படிக்காதவருக்கு வாசித்துக் காட்டித் திருத்துவதும், துண்டுக் காகிதத்தைப் பின் அடித்து நோட்டாக்குவதும் அதில் சேரும். முப்பத்தொன்பது வருடத்தில் நம் பிள்ளைக்கு அது கைவந்திருந்தது. அறுபத்தெட்டு வயதில் நான் இன்னும் மழை விடட்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சமயம் எதுவானாலும் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். யாரையாவது பார்க்கவேண்டும், ஏதாவது கொடுக்கவேண்டும், மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று தள்ளிப்போட்டது இருந்தால் இந்த வாரம் முடித்துவிடுங்கள். வரும் ஜூனில் அந்த ரஃப் நோட்டு நிற்கக் கூடாது. பின் அடிக்க எனக்குத் தெரியும், கட்டிங் மிஷின் எனக்கு ஓட்டத் தெரியாது. உங்களில் யாருக்குத் தெரியும், யார் வரமுடியும் என்று குழுவில் சொல்லுங்கள். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நான் அந்தப் பிரஸ்ஸில் இருப்பேன்.

எழுத்துப்பிழை இருந்தால் சொல்லுங்கள், திருத்திவிடுகிறேன். உங்களுக்குத் திருத்தியவள்தானே.

அன்புடனும் ஜெபத்துடனும்,
உங்கள் ஐந்தாம் வகுப்பு டீச்சர்
ஆழ்வார்பேட்டை